யூஸ்ட் டுவும் எங்க ஊரு ஆத்துத் தண்ணியும்

2020 ஜூன் மாசம். லாக்டவுன்ல சென்னை ரூமை காலி பண்ணிட்டு ஊருக்கு வந்து மூணு மாசம் ஆகியிருந்துச்சு. எங்க ஊரு காவிரி டெல்டால, நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ள போகணும். வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காது, திண்ணைல வடக்கு ஓரத் தூணுகிட்ட மட்டும் ரெண்டு கோடு காட்டும், அதனால எனக்கு ஆபீஸே அந்தத் தூணுதான். இந்தப் பக்கம் அப்பாயி வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்கும், அந்தப் பக்கம் அண்ணன் பொண்ணு ஏழாங்கிளாஸ் கிராமர் புக்கை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நடுவுல நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு இங்கிலாந்துல இருக்கற கிளையன்ட்டுக்கு பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

அப்படி ஒரு நாள் ஒரு மெயில் வந்துச்சு. ராத்திரி கம்ப்யூட்டர்ல தானா ஓடுற ஒரு ஜாப்ல ஏதோ கோளாறு, ரிப்போர்ட்ல நம்பர் இடிக்குது, இதை உங்க பக்கம் யாரு பாக்குறீங்கன்னு கேட்டிருந்தாங்க. நான்தான் பாக்குறேன். பல் விளக்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பை தொறந்து அதைத்தான் பாக்குறேன். அதை கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்லயே சொல்லுவோமேன்னு "ஐ யூஸ்ட் டு செக் திஸ் ரிப்போர்ட் எவ்ரி மார்னிங்"னு எழுதி அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

வந்து பாத்தா பதில் வந்து கிடக்கு, மேனேஜரையும் காப்பில போட்டு. ரொம்ப மரியாதையா ரெண்டே கேள்வி. எப்போலேர்ந்து பாக்குறதை நிறுத்துனீங்க? இப்ப யாரு பாக்குறாங்க?

எனக்கு ஒண்ணும் புரியல. மேனேஜர் போன் அடிச்சாரு, "ஏம்மா, நிறுத்திட்டேன்னு எதுக்கு எழுதுன?"ன்னாரு. நான் அப்படி எழுதவே இல்ல சார்னேன். அவரும் மெயிலை தொறந்து ஒருதரம் வாய்விட்டு படிச்சாரு, "ஆமா, சரியாத்தானே எழுதியிருக்கே, தினமும் பாக்குறேன்னு"ன்னாரு. அவரு திருநெல்வேலிக்காரரு, இங்கிலீஷ் மீடியம் வேற. ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு நிமிஷம் கிளையன்ட்டுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு முடிவு பண்ணி வச்சிருந்தோம்! அப்புறம்தான் கூகுள்ல தேடிப் பாத்தா... தெரியாதது எங்க ரெண்டு பேருக்கும்தான்.

யூஸ்ட் டுன்னா முன்னாடி வழக்கமா செஞ்சது. இப்ப செய்யறதில்லங்கறது அதுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு வந்துடும், தனியா சொல்லவே வேணாம். நாம என்னடான்னா "டெய்லி மார்னிங் ஐ யூஸ்ட் டு டிரிங்க் காபி"ம்போம், "ஆன் ஃப்ரைடேஸ் மை மதர் யூஸ்ட் டு கோ டு டெம்பிள்"ம்போம். கேக்குற வெளிநாட்டுக்காரன் நமக்கு காபி ஒத்துக்கல போல, அம்மா பாவம் நடக்க முடியாம ஆயிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டு போயிடுவான். இது ஏதோ நான் மட்டும் பண்ற தப்பு இல்ல, தமிழ்நாட்டுல பாதிப்பேரு இப்படித்தான் பேசுறோம், ஹிந்திக்காரங்களும் இப்படித்தான் பேசுறாங்க, இந்திய இங்கிலீஷைப் பத்தி எழுதுறவங்க சிலரு இதை ஒரு அடையாளமாவே குறிச்சு வச்சிருக்காங்க.

எனக்கு இது எங்கேர்ந்து ஒட்டுச்சுன்னு நல்லா ஞாபகம் இருக்கு. ஒம்பதாங்கிளாஸ்ல எங்க சார் போர்டுல "யூஸ்ட் டு = வழக்கம்"னு எழுதிப்போட்டாரு. அவ்வளவுதான், அடுத்த பாடம். அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன், அறுபத்தஞ்சு பேரு இருக்கற கிளாஸ்ல எதைன்னு விளக்குவாரு. ஆனா நாங்க அந்த ஈக்வல் டுவை அப்படியே முழுங்கிட்டோம். என் தினசரி வாழ்க்கைன்னு கட்டுரை எழுத சொன்னா கிளாஸ் மொத்தமும் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்க யூஸ்ட் டு, பல் விளக்க யூஸ்ட் டு, படிக்க யூஸ்ட் டு. இங்கிலீஷ்காரன் கண்ணால படிச்சா ஒரு கிளாஸே எழுந்திரிக்கறதையும் பல் விளக்குறதையும் படிக்கிறதையும் கைவிட்டுட்ட மாதிரி இருந்திருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ஒரு காலத்துல இங்கிலீஷ்லயே இதுக்கு நிகழ்காலம் இருந்துச்சு. "ஐ யூஸ் டு"ன்னு டி இல்லாம சொன்னா நான் வழக்கமா செய்யறேன்னு அர்த்தம். பழைய நூல்கள்லல்லாம் வரும். அப்புறம் அந்தக் கிளை பட்டுப் போயி இறந்தகாலம் மட்டும் மிச்சமாயிடுச்சு. அதனால நான் தப்பா எழுதல, லேட்டா எழுதிட்டேன், சில நூறு வருஷம்! மேனேஜர்கிட்ட இதைச் சொன்னேன், அவரு சிரிக்கல.

சரி, போர்டுல எழுதுனது மட்டும்தான் காரணமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். வேற ஒண்ணு இருக்குன்னு அந்த வாரத்துலயே தெரிஞ்சுது, அதுவும் அப்பாயி வாயிலேர்ந்து.

அண்ணன் பொண்ணுக்கு ஒரு பயிற்சி. வீட்டுல பெரியவங்ககிட்ட அந்தக் காலத்து விஷயம் அஞ்சு கேட்டு, அதை யூஸ்ட் டு போட்டு எழுதிட்டு வரணும். அவ நோட்டை எடுத்துக்கிட்டு அப்பாயி பக்கம் நகந்து உக்காந்தா. அப்பாயிக்கு யாராவது கேட்டா போதும். வண்டி கட்டிக்கிட்டு மன்னார்குடி வெண்ணெய்த்தாழி திருவிழாவுக்கு போவோம், குறுவை நெல்லு அறுத்த காசுலதான் தீபாவளிக்கு துணி எடுப்போம், களத்துமேட்டுலதான் படுத்துக்குவோம்னு கொட்டுது. போவோம், எடுப்போம், படுத்துக்குவோம்! மூணும் எதிர்காலம். நடந்ததெல்லாம் அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி.

இதை நீங்க கவனிச்சிருக்கீங்களான்னு தெரியல, நான் அதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. பழைய வழக்கத்தை சொல்றதுக்கு தமிழ்ல நாம எதிர்காலத்தைத்தான் எடுக்குறோம். "நாளைக்கு ஆத்துல குளிப்போம்"னா இனிமே. "அப்பல்லாம் ஆத்துல குளிப்போம்"னா முந்தி. "நாங்க ஆத்துலதான் குளிப்போம்"னா எப்பவும். வினைச்சொல்லு ஒரு எழுத்து மாறல, குளிப்போம் குளிப்போம்தான். பக்கத்துல நிக்கிற சொல்லுதான் காலத்தை காட்டுது. மேல முதல் பாராவையே திரும்பிப் பாருங்க, 2020 கதையை சொல்லும்போது "பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன்"னு முடிச்சிருக்கேன், உங்களுக்கு எங்கயாவது இடிச்சுதா?

இது ஏதோ நம்ம பேச்சு வழக்குல கெட்டுப்போனது இல்ல. மூணு காலத்துக்கும் பொதுவா இருக்கற விஷயத்தை "செய்யும்"ங்கற வாய்பாட்டுல சொல்லணும்னு தொல்காப்பியத்துலயே சூத்திரம் இருக்கு, உரைக்காரங்க அதுக்கு "மலை நிற்கும்"னு உதாரணம் காட்டுறாங்க. நேத்தும் நின்னுச்சு, இன்னிக்கும் நிக்குது, நாளைக்கும் நிக்கும். சங்கப் பாட்டுல கிறு, கின்று போட்ட நிகழ்காலத்தை பாக்குறதே அபூர்வம், நடந்தது ஒண்ணு, நடந்து முடியாதது ஒண்ணுன்னு ரெண்டு பொட்டிதான் பெரும்பாலும். வழக்கம்ங்கறது முடியாத பொட்டில கிடக்குது. அப்படி இருக்கற மூளைக்கு "யூஸ்ட் டு = வழக்கம்"னு சொன்னா அது எந்தப் பொட்டில போயி விழும்? நான் எழுதுன மெயில் மாதிரிதான் விழும்.

அப்பாயி கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. "ஆனி பொறந்தா ஆத்துல தண்ணி வரும்."

பொண்ணு பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. "அத்தை, இது பாஸ்ட்டா, ஃப்யூச்சரா?"

நான் மெயில் சூட்டுல இருந்தேன், புதுசா படிச்ச திமிரு வேற. பாஸ்ட்டுதான், "த வாட்டர் யூஸ்ட் டு கம் இன் ஆனி"ன்னு எழுதுன்னேன். அப்பாயி இடிக்கிறதை நிறுத்திட்டு அப்படின்னா என்னாடின்னு கேட்டுச்சு. "முன்னாடி வரும், இப்ப வர்றதில்லன்னு அர்த்தம் அப்பாயி."

"வாயைக் கழுவுடி. எவன் சொன்னான் வர்றதில்லன்னு?"

வெளியூர்க்காரங்களுக்கு இதை கொஞ்சம் சொல்லணும். மேட்டூர் அணை 1934-ல முடிஞ்சுது, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). டெல்டால பொறந்தவனுக்கு இந்த நம்பர்லாம் சொந்தக்காரன் வயசு மாதிரி. காலைல டீக்கடைல முதல் பேச்சே இன்னிக்கு எத்தனை அடிங்கறதுதான். ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுவாங்க, அது கணக்கு. ஜூன் 12-க்கு மேட்டூர்ல தொறந்தா நாலஞ்சு நாள்ல கல்லணை, அங்கேர்ந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிச்சு விடுவாங்க. வெண்ணாறு எங்க பக்கம் வந்து மூணாறு தலைப்புல பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறுன்னு மறுபடி பிரியும், அதுக்கப்புறம்தான் எங்க வாய்க்கா. அப்படி கல்லணை தொறக்கற நேரமும் ஆனி பொறக்கற நேரமும் ஒட்டி வரும், அதைத்தான் அப்பாயி ஆனி பொறந்தான்னுச்சு.

மேல இருக்கற பாராவுல எத்தனை "வரும்", "பிரியும்", "விடுவாங்க" வந்துச்சுன்னு எண்ணிக்கோங்க. இதுல எது நடக்குது, எது நடந்துச்சு, எது நடக்கணும்னு ஆசை? 2011-ல ஜூன் 6-லயே தொறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஒரு தடவை கூட ஜூன் 12-ல தொறக்கல. 2017-ல அக்டோபர் 2. போர்செட் வச்சிருக்கவங்க குறுவை போட்டாங்க, இல்லாதவங்க சம்பா மட்டும் பாத்தாங்க, அதுவும் நாத்து விட்டு நடாம நேரடி விதைப்பு. அந்த எட்டு வருஷமும் எங்கப்பா ஆத்தங்கரைல நின்னு "தண்ணி வரும்"னு சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு. எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு இப்ப யோசிச்சாலும் எனக்கு பிரிக்க தெரியல. யூஸ்ட் டு கம்மா, கம்ஸா, வில் கம்மா. கிளையன்ட்டா இருந்தா ரெண்டு கேள்வி கேட்டு மெயில் போட்டிருப்பான்.

பொண்ணு அப்பாயி மூஞ்சியப் பாத்தா, என்னைப் பாத்தா, யூஸ்ட் டுவை அழிச்சுட்டு "கம்ஸ்"னு எழுதுனா. பயிற்சி யூஸ்ட் டு பத்தி, அதுல ஒரு மார்க்கு போயிருக்கும், போகட்டும்னு விட்டுட்டேன்.

அந்த 2020-ல அணைல 100 அடிக்கு மேல இருந்துச்சு. ஜூன் 12-ஏ தொறந்தாங்க, 16-ம் தேதி கல்லணை. எங்க பக்கம் தண்ணி வந்த அன்னிக்கு எனக்கு கால் இருந்துச்சு, மியூட்ல போட்டுட்டு போனோட ஓடுனேன். முதல் தண்ணி பாத்திருக்கீங்களா, நீங்க நினைக்கிற மாதிரி பளிங்கு மாதிரிலாம் இருக்காது, நாலஞ்சு மாசம் காஞ்சு கிடந்த மணலை நனைச்சுக்கிட்டு, சருகு, நுரை, பிளாஸ்டிக் கவரு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு, நடக்குற வேகத்துல வரும். பசங்க அதுக்கு முன்னாடி முன்னாடி ஓடுவானுங்க. அப்பாயி நெல்லும் பூவும் போட்டுட்டு என் பக்கம் திரும்பிக்கூட பாக்கல. பாத்திருந்தா கூட பரவால்ல.

இதுக்கப்புறம் நான் இந்த யூஸ்ட் டு பின்னாடியே சுத்த ஆரம்பிச்சுட்டேன். எனக்குன்னு ஒரு டெஸ்ட்டு வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துக்கோங்க. சொல்ல வந்ததை தமிழ்ல "அப்பல்லாம்"னு ஆரம்பிச்சு, "இப்ப இல்ல"ன்னு முடிச்சுப் பாருங்க. "அப்பல்லாம் தினம் ரிப்போர்ட் பாப்பேன், இப்ப இல்ல." சரியா உக்காந்தா யூஸ்ட் டு போடலாம். உக்காரலன்னா சும்மா "ஐ செக்", முடிஞ்சுது வேலை. வழக்கம்ங்கறது தெரியணும்னா "யூஷுவலி" போட்டுக்கலாம், சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால கை அரிப்பும் அடங்கும். அதுக்காக யூஸ்ட் டு போட்டாலே கதை முடிஞ்சுதுன்னும் இல்ல, "ஐ யூஸ்ட் டு, ஐ ஸ்டில் டூ"ன்னு சேத்து சொல்லிக்கலாம், சொல்லாம விட்டா மட்டும்தான் விட்டுட்டோம்னு எடுத்துக்குவாங்க.

இந்த டெஸ்ட்டுல இன்னொரு லாபம் இருக்கு. "ஐ யூஸ்ட் டு லிவ் இன் கும்பகோணம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்"னு எழுதக்கூடாது, எத்தனை வருஷம், எத்தனை தடவைன்னு கணக்கு சொல்லிட்டா சாதா இறந்தகாலம்தான், "ஐ லிவ்ட்". ஏன்னு எந்த புக்குலயும் எனக்கு புரியற மாதிரி இல்ல, தமிழ்ல சொல்லிப் பாத்ததும் புரிஞ்சுது. "அப்ப அஞ்சு வருஷம் கும்பகோணத்துல இருப்பேன்"னு எவனும் சொல்ல மாட்டான், "இருந்தேன்"தான். எண்ணிக்கை வந்துட்டா அது வழக்கம் இல்ல, முடிஞ்ச சம்பவம். ரெண்டு மொழியும் அந்த இடத்துல ஒண்ணாப் போயி நிக்குது.

அதைவிட எனக்கு புடிச்சது "வுட்". பழைய வழக்கத்துக்கு இங்கிலீஷ்ல இன்னொரு வழி அது. "எவ்ரி சம்மர் வீ வுட் பாத் இன் த ரிவர்." இந்த வுட் யாருன்னா, வில்லோட இறந்தகாலம்! நாம எதிர்காலத்தை எடுத்து பழசை சொல்ற அதே வேலைய அவங்களும் ஒரு ஓரத்துல பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. குளிப்போம்ங்கறதுக்கு நேர் ஜோடி யூஸ்ட் டு இல்ல, வுட்தான். இது தெரிஞ்சப்ப ஊருக்கு போற பஸ்ல சொந்தக்காரங்களை பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா வுட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, செய்யற காரியத்துக்கு மட்டும்தான் வரும், சும்மா இருக்கறதுக்கு வராது. குளிச்சோம், ஓடுனோம், பாடுனோம்னா வுட். ஒரு இடத்துல ஒரு மரம் இருந்துச்சுன்னா "தேர் யூஸ்ட் டு பி எ ட்ரீ"தான், வுட் போட்டா ஓடாது. நமக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது, "அங்க ஒரு மரம் இருக்கும்"னு தாராளமா சொல்லலாம். மரத்துக்கு அப்புறம் வரேன்.

"ஐ ஆம் யூஸ்ட் டு"ங்கறது வேற ஜாதி, அதை இதோட குழப்பிக்காதீங்க. அது பழகிடுச்சுங்கற அர்த்தம், இன்னிக்கும் நடக்குறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னவங்களுக்கு விளக்கவே வேணாம், "ஐ ஆம் யூஸ்ட் டு வெயிட்டிங்". வெயிட் இல்ல, வெயிட்டிங், அந்த இங்கை விட்டுடாதீங்க. மண்வெட்டி வரப்பு வெட்ட பயன்படுதுன்னு சொல்றப்ப வர்ற யூஸ்ட் டு மூணாவது, அதுல எஸ் சத்தம் வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும், மத்ததுல அதிராது. நம்ம காதுக்கு அது ரெண்டும் ஒண்ணுதான், என் காதுக்கு இப்பவும் ஒண்ணுதான்.

இப்ப மரம்.

2021 ஜனவரில பொங்கலை ஒட்டி ஊத்துச்சே ஒரு மழை, அறுப்புக்கு நின்ன சம்பா டெல்டா பூரா சாஞ்சு போச்சு. வயல்ல டயர் வச்ச அறுப்பு மிஷின் எறங்காது, பெல்ட் மிஷின்தான் வேணும், அது எங்க ஊருல இருக்காது, ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து வரணும். ரெண்டு நாளு போன் பேசி அப்பா ஒரு மிஷினை புடிச்சாரு. டிரைவருக்கு எங்க பக்கம் புதுசு. அப்பா திண்ணைல என் தூணுகிட்ட வந்து நின்னுக்கிட்டு வழி சொல்றாரு, "மெயின் ரோட்டுலேர்ந்து பிரிஞ்சு வந்தீங்கன்னா ஒரு மதகு வரும் தம்பி, அதைத் தாண்டுனா வலது கைப் பக்கம் பெரிய புளியமரம் ஒண்ணு இருக்கும், அதை ஒட்டி உள்ள எறங்கிடுங்க."

அரை மணி நேரம் ஆச்சு, ஆளைக் காணோம். வானம் வேற திரும்பி இருட்டுது. போன் வந்துச்சு, அப்பா ஸ்பீக்கர்ல போட்டாரு. "ஐயா, மதகு தாண்டி ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டேன், புளியமரம் எதையும் காணோமே."

"எப்படி காணும்? அது கஜா புயல்ல விழுந்துடுச்சுல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, மிஷினை ஏத்தி வந்த லாரி உறுமுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அந்தத் தம்பி ரொம்பப் பொறுமையா, "மரம் இருக்கும்னு சொன்னீங்களே ஐயா"ன்னாரு.

அப்பாவுக்கு கோவம் வந்துடுச்சு. "இருக்கும்னுதானே சொன்னேன்? இருக்குன்னா சொன்னேன்?"